சிவப்புப் பட்டன்மேல் இருந்த கை

என் பெயர் ஷோனா மக்ரே, வயது 43, தகப்பனார் பெயர் லாக்லன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கில்வோர் கிராமத்தில் வசிக்கிறேன். ராணுவத்துக்கு விற்கும் லேசர்களைச் சோதிக்கும் மைதானத்தில் கேமரா பார்க்கிறேன். அரை மைல் தள்ளி நிற்கும் பலகையில் லேசர் விழும்போது எவ்வளவு அகலமாக விழுகிறது, எவ்வளவு ஆடுகிறது என்று படம் பிடித்துச் சொல்வது என் வேலை. லேசர் நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். எங்கள் கேமராவுக்கோ அது மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் திரையில் இருட்டு.

செவ்வாய்க்கிழமை காலை மழையில் நனைந்த பலகையைத் துடைக்க ரூரி மக்காஸ்கில் போனான். சாவி இல்லாமல் லேசர் ஓடாது என்பதால், பலகைக்குப் போகிறவர் அதைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போவது எங்கள் வழக்கம். ரூரியும் அப்படித்தான் போனான். அதன் பிறகு லேசரை வாங்க வந்த அதிகாரிகள் இருவர் அறைக்குள் வந்தார்கள். மேலாளர் கீத் பால்ஃபர் இழுப்பறையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து லேசரில் போட்டார். ரூரி எங்கே என்று கேட்டேன். "அவன் அப்பவே வந்துட்டான்மா. வெளிய சிகரெட் ஊதிட்டிருக்கான்" என்றார். அது பச்சைப் பொய்.

அதன் பிறகு லேசரைப் போட்டார். திரையில் வட்டமாக விழ வேண்டிய வெளிச்சத்தில் ஒரு பக்கம் கடித்து எடுத்தது போல் இருந்தது. உற்றுப் பார்த்தேன். தொப்பி விளிம்பு, மூக்கு, தாடை.

"கீத், நிறுத்து! அங்க ரூரி நிக்கிறான்!" என்று கத்தினேன்.

"லென்ஸ்ல தூசி. வந்தவங்க முன்னாடி மானத்த வாங்காத" என்றவர், லேசரை நிறுத்த நான் அழுத்தப் போன சிவப்புப் பட்டனைக் கையைக் குவித்து மூடிக்கொண்டார். திரையில் அந்த முகம் எங்கள் பக்கம் திரும்பத் தொடங்கியது.

பக்கத்தில் இருந்த இரும்பு முக்காலியைத் தூக்கி அவர் கைமேல் ஓங்கி அடித்தேன். விரல்கள் முறிந்தன. அந்த அடியிலேயே பட்டன் அமுங்கித் திரை இருண்டது. அதன் பிறகு இன்னொரு முறை அடித்தேன், வாய்மேல். பற்கள் மேசையில் சிதறின. அதிகாரிகளில் ஒருவர் வாந்தி எடுத்தார்.

அதன் பிறகு பலகைக்கு ஓடினேன். மழையில் மங்கிய பாதுகாப்புக் கண்ணாடியை ரூரி நெற்றிக்கு ஏற்றியிருந்தான். சேற்றில் மண்டியிட்டு, "ஷோனா, நீதானா? இடது கண்ணுக்குள்ள எதோ வெடிச்சுது" என்றான். அந்தக் கண் போய்விட்டது. வலது கண் பிழைத்தது.

பதற்றத்தில் கை ஓங்கியதாகச் சொல்லும்படி என் வக்கீல் கேட்டார். நான் பதறவில்லை. முதல் அடி லேசரை நிறுத்த. இரண்டாவதற்கு அவசியமே இல்லை. அதைத் தெரிந்தேதான் அடித்தேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை. ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை.

(ஒப்பம்) ஷோனா மக்ரே