நாலாவது ஜொய்ஸ்டிக்

கூட்டாளிகளோடு சேர்ந்து விளையாட நல்ல கேம் எது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சமையல் கேமைத்தான் சொல்வேன். சுடுகிற கேம், கார் ஓட்டுகிற கேம் எல்லாம் தனியாக இருப்பவர்களுக்கு. சமையல் கேமில் நான்கு குட்டிச் சமையல்காரர்கள் ஆடுகிற கப்பலுக்குள் நிற்பார்கள். ஒருவர் வெங்காயம் வெட்ட வேண்டும், ஒருவர் அடுப்பைப் பார்க்க வேண்டும், ஒருவர் கோப்பை கழுவ வேண்டும், ஒருவர் பரிமாற வேண்டும். கப்பல் சரிந்தால் அடுப்பு ஒரு பக்கம் ஓடும், கோப்பைகள் மறுபக்கம் ஓடும். சிரித்துச் சிரித்து வயிறு நோகும். மூன்று பேராகவும் விளையாடலாம்தான். ஆனால் கப்பல் எரிந்துபோகும்.

சண்டை முடிந்து நாங்கள் பாப்பாமோட்டைக்குத் திரும்பி வந்து, தகரக் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு மாறிய வருடம் ஊருக்குக் கரண்ட் வந்தது. நாங்கள் என்றால் நானும் அம்மாவும். முன்பு எங்கள் வீட்டில் ஆட்கள் அதிகம். அதை இங்கே சொல்லத் தேவையில்லை. வயரிங் செய்ய வந்தவன் டினேஷ், பாலத்துக்கு அப்பால் தீவில், பேசாலைப் பக்கம் கடற்றொழில் செய்கிற சிங்கராசாவின் மகன். கனடாவிலிருந்து பெரியப்பா அனுப்பிய கேம் பெட்டி பிரிக்காமல் கிடந்ததை அவன்தான் கண்டான்.

“பிளக் வேலை செய்யுதோ எண்டு பாக்க வேணும்தானே, தனஞ்சயன் அண்ணை,” என்றான், முகத்தை மிக நேர்மையாக வைத்துக்கொண்டு.

அன்று அதற்குமேல் வயரிங் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு வேணுஜா, முன்பள்ளி ரீச்சர், சத்தத்தைக் கேட்டு அடிபிடி என்று நினைத்து ஓடி வந்தாள். வந்தவள் கோப்பை கழுவ உட்கார்ந்துவிட்டாள். புத்தளத்தில் வளர்ந்து தகப்பனின் காணிக்குத் திரும்பியிருந்த வஸீர், உழவு மெஷினை ரோட்டில் இயங்க விட்டபடியே உள்ளே எட்டிப் பார்த்தான். டீசல் தீர்ந்து மெஷின் தானாக நின்றபோதும் அவன் எழும்பவில்லை.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் எங்களுக்குத் திருவிழாதான். டினேஷ் பூசை முடிந்த கையோடு பொரித்த மீன் பார்சலுடன் பஸ் ஏறி, பாலம் தாண்டி வந்துவிடுவான். வஸீரின் தாய் நசீறா ஒருநாள் வழியில் என்னை மறித்தார். “தம்பி, இவன் நித்திரையிலயும் கோப்பை எங்க, கோப்பை எங்க எண்டு கேக்கிறான். என்ன வருத்தம் இது?” நாங்கள் நால்வரும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம்.

முதலில் வேணுஜாவுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை நானாட்டானில் வயல் செய்கிறவர். நல்ல பொடியன், நானே விசாரித்தேன். அவருடைய தாய்க்குப் போன் எடுத்து, பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு இருக்கிறது, மறைத்துச் செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். கேமில் வருகிற தலைமைச் சமையல்காரனின் கட்டைக் குரலில் சொன்னேன். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

கொஞ்ச நாள் அவள் வரவில்லை. பிறகு வீங்கிய கண்ணோடு வந்தாள். “இனி எனக்கு ஒருத்தரும் வரமாட்டினமாம், அண்ணை.”

“விடு பிள்ளை. கோப்பை குவிஞ்சு கிடக்கு, வா,” என்றேன்.

அன்றுதான் நாங்கள் கப்பல் கட்டத்தைக் கடந்தோம். வஸீர் கதிரையில் ஏறி ஆடினான், கதிரை உடைந்தது, வேணுஜா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்தால் இப்போதும் மனம் குளிர்கிறது.

அடுத்தது டினேஷ். ஆட்டத்தின் நடுவில் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “கட்டாருக்கு வேலைக்குப் போறன். சரிவந்திட்டுது. அண்ணை, வெங்காயம் கருகுது, பாருங்கோ.”

“எப்ப வருவாய்?”

“ரெண்டு வருசம். அங்கயிருந்து நெற்றில சேர்ந்து விளையாடுவம்.”

எங்கள் ஊரில் நெற் ஒரே ஒரு வேப்பமரத்தடியில்தான் பிடிக்கும். ரீவியை மரத்தில் கட்டலாமா என்று வஸீர் கேட்டான். எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

நான் அதை நிதானமாக யோசித்தேன். பிளேன் ஒருமுறை தவறினால் போதும், அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த நாட்களில் ரோட்டோரத்தில் ஆமிக்காரர் வைத்த ஒரு பலகை இருந்தது, இயக்கத்தைப் பற்றித் தகவல் தெரிந்தால் அழைக்கும்படி, நம்பரோடு. அடம்பன் சந்தைக்குப் போய் அங்கிருந்து அழைத்தேன். சண்டையின் கடைசிக் காலத்தில் டினேஷ் இயக்கத்துக்குப் படகு ஓட்டினான், ஆயுதங்கள் புதைத்த இடங்கள் அவனுக்குத் தெரியும் என்றேன். உண்மையில் அப்போது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். வேறு யாரையும் பிழையாகப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் தெளிவாகச் சொன்னேன். நன்றி சொன்னார்கள். மரியாதையான ஆட்கள்.

பயணத்தன்று காலையில் வந்து, ஒரு கேள்வி மட்டும் என்று கூட்டிப்போனார்கள். அவன் பயணப் பையையும் தூக்கிக்கொண்டு போனானாம், அப்படியே எயார்போட்டுக்குப் போய்விடலாம் என்று.

அடுத்த நாளே மறுபடி அழைத்து, போதும், விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் இருந்தேன். அந்தக் கிழமை முழுக்க நெல் வெட்டு. மறந்துபோனேன். பிறகு அழைத்தபோது அப்படி ஒருவரைத் தங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

டினேஷின் தாய் எடித் அன்ரி என்னைத் தேடி வந்தார். “தம்பி, அவனுக்கு உங்களிலதானே நல்ல விருப்பம். என்னோட ஒருக்கா வாங்கோ.” போனேன். அரசாங்கக் கந்தோர் கந்தோராக, ஆமி முகாம் முகாமாக, அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு போனேன். எல்லா இடத்திலும் இல்லை என்றார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆண்டவர்தான் எனக்கு உங்களத் தந்தவர்,” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. வயது போனவர்களோடு வாதாடக் கூடாது.

மூன்று பேராக விளையாடிப் பார்த்தோம். கப்பல் எரிந்தது.

அப்போதுதான் டினேஷின் தங்கை மதுஷிகா ஞாபகத்துக்கு வந்தாள். வீட்டில் அழுதுகொண்டே கிடக்கிறாள், உங்களோடாவது கொஞ்சம் சிரிக்கட்டும் என்று எடித் அன்ரியே அனுப்பிவைத்தார். முதல் நாளே அடுப்போடு சேர்த்துப் பரிமாறுகிறவனையும் கடலில் தள்ளிவிட்டாள். விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். பிறகு சிரித்ததற்காகக் கொஞ்சம் அழுதாள். மூன்றாம் ஞாயிறு அழவில்லை. வெங்காயம் வெட்டுவதில் தமையனைவிடக் கெட்டிக்காரி. டினேஷ் இன்னும் வரவில்லை. வந்தால் நாலாவது ஜொய்ஸ்டிக்கை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் எனக்குச் சில வேளை யோசனையாக இருக்கும்.

போன ஞாயிறு மதுஷிகா ஒரு செய்தி சொன்னாள். யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வேணுஜா அவளைக் கட்டிப்பிடித்தாள். வஸீர் வீட்டுக்கு ஓடிப்போய் வட்டிலப்பம் கொண்டுவந்தான். பலமாகக் கைதட்டியது நான்தான். எந்த நாள் போகிறாள், யாரோடு போகிறாள், அங்கே எங்கே தங்குவாள் என்று அக்கறையாக எல்லாம் கேட்டு வைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணம் ஒன்றும் தூரமில்லை என்கிறார்கள். இருந்தாலும் எனக்கு மனவருத்தம்தான். ஒவ்வொருவராக எல்லோரும் விட்டுவிட்டுப் போகத்தான் பார்க்கிறார்கள். கூட்டாளிகளை ஒருநாளும் கைவிடாதவன் நான் ஒருவன்தான்.