மணி எதுக்கும்மா, நான் இருக்கேனே

உங்கள் ஃபேன் கிறீச்சிடுகிறது, இன்ஸ்பெக்டர். இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். ஒலிப்பதிவாளன் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் இதுதான் காதில் விழும்.

தசைகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கும் நோய் ஒன்று. அதோடு வாழும் குடும்பங்களைப் பற்றி இருபது நிமிட ஆவணப்படம். மூன்றாவது வீட்டில்தான், 'ஹாரன்' என்று ஊரே பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவரைச் சந்தித்தேன். பஸ் டிரைவராக இருந்தவர். ஒரு சத்தம் போட்டால் தெருவே ஒதுங்குமாம். இப்போது காதை உதட்டருகே வைத்தால்தான் பேச்சு கேட்கும். அதனால் விரலுக்கு எட்டும்படி ஒரு மேஜை மணி.

"தண்ணி வேணும்னா ஒரு தட்டு. சும்மா என்னை ஓட விடணும்னா பத்து தட்டு" என்றார் அவர் மனைவி.

"இத்தனை வருஷம் நீ என்னை ஓட விட்டே. இப்ப என் முறை." ஹாரனின் இந்தப் பதில், அவர் காலரில் நான் குத்திய மைக் வழியாக என் ஹெட்போனில் மட்டும் கேட்டது. சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து நான் அவருக்குக் "காதுக்காரர்".

மணி மட்டும் பதிவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. படப்பிடிப்பில் ஃபிரிட்ஜ் இரையக்கூடாது என்று அணைப்போம். திரும்பப் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள் வைப்பது என் பழக்கம். அன்று மணியையும் சேர்த்து வைத்தேன்.

"மணி எதுக்கும்மா, நான் இருக்கேனே. அவர் மூச்சு மாறினாலே சொல்லிடுவேன்."

அந்த அம்மா நம்பிப் பின்னறைக்குப் பேட்டி கொடுக்க வந்தார். மூன்று நாளாய் ஜோக்கடித்தே நழுவியவர் அன்றுதான் உடைந்தார்.

"சில நாள் காலையில... இவர் எழுந்திரிக்கவே வேண்டாம்னு நினைச்சிருக்கேன் சார்."

டைரக்டர் அசையவில்லை. என் இடது காதில் இந்த அம்மா. வலது காதில் முன்னறை ஹாரன். எச்சில் புரையேறியிருந்தது. முன்னால் சாய்த்து முதுகில் தட்டினால் சரியாகிவிடும். அதை முதல் நாளே படம் பிடித்திருந்தோம்.

"காதுக்காரரே" என்றார். இன்னொரு முறையும்.

கையைத் தூக்கியிருந்தால் டேக் போயிருக்கும். அப்படிப்பட்ட பேச்சு இரண்டாம் தடவை அதேபோல் வராது. வலது காதின் ஒலியைக் குறைத்தேன். முழுக்க அல்ல, பாதிதான். நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை.

ஆறு நிமிடம். டைரக்டர் "கட்" சொன்னபோது வலது காது துல்லியமான அமைதியில் இருந்தது. பதிவை அழிக்கவில்லை, கேட்டுப் பாருங்கள், ஒரு இரைச்சல் இருக்காது.

முன்னறையில் அந்த அம்மா அலறிக்கொண்டிருந்தபோது, பொறுப்பாகப் போய் ஃபிரிட்ஜைப் போட்டேன். சாவியை எடுத்தேன். மணியை எடுத்து அவர் விரலருகே வைக்கத்தான் மறந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.