இரண்டாவது ஸ்பூன்

டீ வரவழைத்ததற்கு நன்றி சார். கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் குடிக்கிறேன். சூடாக இருக்கும்போது நாக்குக்கு எதுவும் பிடிபடாது. ஹோட்டலில் பாதிப் பேர் ஏமாறுவதே அதனால்தான். ஆவி பறப்பதைப் பார்த்ததும் அள்ளிப் போட்டுக்கொண்டு, ருசி தெரியாமலே பிரமாதம் என்று கை கழுவப் போய்விடுகிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். ஒளிக்கிற அளவுக்கு நான் எதுவும் செய்துவிடவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் என் அபிப்பிராயத்தை இந்த ஊரில் யார் மதித்தார்கள். எல்லாவற்றுக்கும் அதுதானே காரணம்.

நான் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் கிடங்கில் சரக்கிருப்புப் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. எங்காவது ஒரு மூட்டை பிரிந்திருந்தால், கதவைத் திறக்கும்போதே எந்த வரிசையில் எந்தச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். முகமூடி கொடுக்கிறார்கள், நான் போடுவதில்லை. போட்டால் எனக்கு வேலை ஓடாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மூக்கும் நாக்கும் சாதாரண ஆட்களுடையவை இல்லை. இத்தனை வருஷம் பழக்கப்பட்டவை.

வீட்டுச் சாப்பாடு கொஞ்ச காலமாகவே சரியில்லாமல் போனது. முதலில் காய் கசந்தது. பிறகு சோறு. அப்புறம் குடிக்கிற தண்ணீரே கசந்தது. தண்ணீர் கேன் போடுகிறவரை மாற்றினேன், அவரை விட்டு இன்னொருவரை வைத்தேன், எல்லாம் ஒரே லட்சணம்தான். என் மனைவி என்ன சொன்னாள் தெரியுமா?

"தண்ணி எப்படிங்க கசக்கும்? அந்தக் கிடங்குல கெடந்து கெடந்து உங்க நாக்குதான் கெட்டுப்போச்சு. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம், வாங்க."

சமையல் அவளுடையது, டாக்டர் எனக்காம். சண்டை எதற்கு என்று வெளியே சாப்பிட ஆரம்பித்தோம்.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் இருக்கிற கடை, பேங்க் மாடியில் இருக்கிற கடை, கண்ணாடிச் சுவரும் மங்கல் விளக்குமாக இருக்கிற அந்தப் புதுக் கடை, ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றிலும் கசப்பு. எல்லாரும் ஒரே மொத்த வியாபாரியிடம் மட்டமான எண்ணெய் வாங்குகிறார்கள் என்று முடிவு செய்தேன். சாப்பிட்டு வந்ததும் போனில் அந்தந்தக் கடைக்குக் கீழே என் கருத்தைப் பொறுமையாக எழுதுவேன். ஒரு நட்சத்திரம். அதற்குக் குறைவாகக் கொடுக்க வழியில்லை.

மற்றவர்கள் எழுதுவதைப் படித்திருக்கிறீர்களா சார்? வண்டி நிறுத்த இடம் இருந்தது என்று ஐந்து நட்சத்திரம். சர்வர் சிரித்த முகமாக இருந்தார் என்று ஐந்து நட்சத்திரம். குழந்தை பிறந்தநாளுக்குப் போனோம், ஜாலியாக இருந்தது என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். என்ன சாப்பிட்டார் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் ஒருவன்தான் வாயில் வைத்ததைப் பற்றி எழுதினேன். என் கருத்துக்குக் கீழே எவனோ ஒரு பொடியன், "அங்கிளுக்கு வீட்டுல யாராச்சும் சோறு போடுங்கப்பா" என்று எழுதினான். அதற்கு எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று நீங்களே போய்ப் பார்க்கலாம்.

கடைசியில்தான் முக்குக் கடைக்குப் போனோம். அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்துகிற கடை. தம்பி கல்லாவில், அண்ணன் அடுப்படியில். அண்ணனை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடுகிறவர் குறை சொன்னால் சர்வர் பதில் பேசக் கூடாது. மாஸ்டரே வெளியே வருவார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து தன் ஸ்பூனை எடுத்து, குறை சொன்னவரின் தட்டிலிருந்தே ஒரு வாய் சாப்பிடுவார். எச்சில் என்று பார்க்க மாட்டார். நாக்கில் வைத்துத் துப்புகிற வேலையெல்லாம் இல்லை. முழு ஸ்பூன், மென்று விழுங்குவார். சட்டியில் இருப்பதைச் சாப்பிட்டுப் பார்க்கக் கூடாதா என்று ஒருவர் கேட்டதற்கு, "சட்டியில இருக்கறது என் ருசிங்க. தட்டுல இருக்கறதுதான் உங்க ருசி" என்றார்.

நியாயமான மனுஷர் என்று எனக்கும் பட்டது. ஒருநாள் பக்கத்து மேஜையில் ஒரு பெண் உப்பு அதிகம் என்றாள். மாஸ்டர் வந்தார், சாப்பிட்டார், "ஆமாம்மா, கை கூடிப்போச்சு, மன்னிச்சுக்கோ" என்றார். அந்தச் சட்டியையே கொட்டிவிட்டு வேறு செய்தார். சபை நடுவே அந்தப் பெண்ணின் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா?

எனக்கு அது ஒருநாளும் கிடைக்கவில்லை. நான் குறை சொல்வேன், மாஸ்டர் வருவார், சாப்பிடுவார், "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார். ஒவ்வொரு தடவையும் இதே கதை. நான் உள்ளே நுழைந்தாலே சர்வர் அடுப்படியைப் பார்த்து, "மாஸ்டர், நாக்கு வந்தாச்சு" என்று குரல் கொடுப்பான். அதுதான் அங்கே என் பெயர்.

கடையை மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏன் மாற்ற வேண்டும்? சரியாகச் சொல்கிறவன் எதற்கு ஓடிப்போக வேண்டும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை நிரம்பி வழிந்தது. மீன் கசக்கிறது என்றேன். மாஸ்டர் வந்து சாப்பிட்டார். நல்லாத்தான் இருக்கிறது என்றார். யாரோ ஒருவன், "மாஸ்டர், அவருக்கு மட்டும் மேல சர்க்கரை தூவிக் குடுங்க" என்றான். கடையே சிரித்தது. நான் என் மனைவியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை எனக்காகப் பேசியிருக்கலாம். அவள் பேசினாள்.

"எனக்கு நல்லாத்தாண்ணே இருக்கு. இவரு வீட்டுல தண்ணியே கசக்குதுங்கறாரு. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

மாஸ்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். என் தோளில் கை வைத்தார். "அதனால என்னம்மா? சார், வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. உங்களுக்குன்னு தனியா, எண்ணெய் காரம் இல்லாம செஞ்சு வைக்கறேன். என்ன இப்போ?" என்றார். நோயாளியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல் அது.

எனக்கு வயிறு எரிந்தது சார். அதை மறைக்கவில்லை. ஒரே ஒரு தடவை அந்த ஆள் வாயால், அத்தனை பேர் முன்னால், நீங்கள் சொன்னது சரி என்று வர வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். சொத்தையா எழுதித் தரச் சொன்னேன்?

கிடங்கில் கிழிந்த மூட்டைகளிலிருந்து சிந்துவதைக் கூட்டி அள்ளுவது என் வேலைதான். அதில் கொஞ்சம் பொடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். நிதானமாக யோசித்துத்தான் செய்தேன். ஒரு ஸ்பூன் உள்ளே போனால் வாய் கசக்கும், ஒருமுறை வாந்தி வரும், அத்தோடு சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

பொடியோடு போன அன்றும் கடையில் கூட்டம்தான். சூப் வாங்கினேன். என் மனைவி கை கழுவப் போனபோது பொடியைக் கலந்தேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும், "உங்களுது எப்படி இருக்கு பாக்கறேன்" என்று என் கிண்ணத்தில் ஸ்பூனை விட வந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தேன். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணம் உள்ளவன் தடுத்திருப்பானா? அவளுக்குக் கொஞ்சம் பலவீனமான வயிறு.

பிறகு சர்வரைக் கூப்பிட்டு, சூப் கசக்கிறது என்றேன். அவன் கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே போனான். மாஸ்டர் வந்தார். ஸ்பூனை எடுத்தார். முழு ஸ்பூன், வழக்கம் போல. விழுங்கினார்.

முதல் தடவையாக அவர் நெற்றி சுருங்கியது. நான் காத்திருந்தேன். அந்த இடத்திலேயே அவர் ஒப்புக்கொண்டிருக்கலாம். நான் வேறு எதுவும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் அவர், "இருங்க சார், என்னன்னு கண்டுபிடிக்கறேன்" என்று சொல்லி இன்னொரு ஸ்பூன் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, வாயில் வைத்துத் தேடித் தேடி விழுங்கினார். அந்த இரண்டாவது ஸ்பூனை நான் கொடுக்கவில்லை. அது அவராக எடுத்தது. என் கணக்கு ஒரு ஸ்பூனுக்கு.

"நீங்க சொன்னது சரி சார், கசக்குது. என் தப்புதான், மன்னிச்சுக்கோங்க" என்றார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "சூப்பை நிறுத்து, யாருக்கும் குடுக்காத, பானையோட கொட்டு" என்று கத்தினார். சர்க்கரை தூவச் சொன்ன ஆளும் அங்கேதான் இருந்தான், தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மாஸ்டர் அடுப்படி வாசலைத் தாண்டவில்லை. அங்கேயே விழுந்தார்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். ஓடி ஒளியவில்லை. நடையில் போட்டிருந்த பெஞ்சில், தம்பிக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அவசரமாக வெளியே வந்து, "என்ன சாப்பிட்டாரு? தெரிஞ்சவங்க யாராவது இருந்தா உடனே சொல்லுங்க, அதுக்கேத்த மருந்து குடுக்கணும்" என்று கேட்டார். "எங்க கடை சூப்புதான் டாக்டர், வேற ஒண்ணும் இல்ல" என்று தம்பி அழுதார். என் மனைவி என்னைப் பார்த்தாள். தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே பார்த்தாள்.

எனக்குச் சரக்கின் பெயர் தெரியும். அதற்கு மாற்று மருந்து என்ன என்று மூட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள், அதுவும் மனப்பாடம். சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சொன்னால், சூப் கசந்தது என் பொடியால் என்று ஆகிவிடும். அவர் வாயால் வந்த அந்த வார்த்தை செல்லாமல் போய்விடும். அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கியது. அதனால் போனை எடுத்து, அங்கேயே என் கருத்தை எழுதினேன். சூப் கசப்பு, மாஸ்டரே ஒப்புக்கொண்டார் என்று. ஒரு நட்சத்திரம் கூடுதலாகவே கொடுத்தேன், அவருடைய நேர்மைக்காக.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தம்பி வெளியே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே சார்? நீங்களும் அதைத்தானே குடிச்சீங்க?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லை, கவலைப்படாதீர்கள் என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது என் மனைவிதான் என்று தெரியும். அவள்மேல் கோபமில்லை. ருசி தெரியாதவள். ஆமாம், பொடி போட்டது நான்தான், டாக்டர் கேட்டபோது வாயைத் திறக்காததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் அந்தச் சமையல் முதல் நாளிலிருந்தே கசப்புதான், அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

டீ ஆறிவிட்டது, குடிக்கிறேன். நீங்களும் இதே பிளாஸ்கிலிருந்துதானே குடித்தீர்கள் சார்? இரண்டாவது டம்ளர்கூட ஊற்றிக்கொண்டீர்களே, எப்படி இறங்குகிறது உங்களுக்கு?

கசக்கிறது. டீ போட்டவரைக் கூப்பிடுங்கள், என் டம்ளரிலிருந்தே ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும்.