கிலோ எம்புட்டு

மார்கழிக் காலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ். எனக்கு முன்சீட்டில் இருந்த கணவனும் மனைவியும் ராத்திரி ஷிப்டு முடித்து அப்படியே பஸ் ஏறியிருந்தார்கள். இருவர் தலைமுடியிலும் மில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“காய்க்காரன் மாதிரி பெட்டி வச்ச சைக்கிள்ல பிள்ளைகள ஏத்திட்டுப் போனா, பாக்கவுக கிலோ எம்புட்டுன்னு கேப்பாவ” என்றாள் மனைவி.

“கேட்டா கேக்கட்டும். மூணு சக்கரம், சாயாது. ரெண்டும் போர்வையப் போத்திப் படுத்துக்கிரும்.”

“அதுக்கு, நல்ல கேரியர் வச்ச சாதா சைக்கிளே போதாதா? மிதிக்கவும் லேசா இருக்கும்லா?”

“ஏட்டி, போன வாரத்த மறந்துட்டியா? காலை ஷிப்டுன்னு விடியமுன்ன செட்டியார்பட்டியில உங்க அக்கா வீட்டுல விடக் கூட்டிட்டுப் போனப்ப, சின்னவ கேரியர்லயே தூங்கிட்டா. கால் சக்கரத்துக்குள்ள போயிருச்சு. செருப்பு பிஞ்சதோட போச்சு.”

ஜன்னல் ஷட்டர் இறங்க மறுத்ததால் பனிக்காற்று நேராக அவள் முகத்தில் அடித்தது. முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துக்கொண்டாள்.

“இப்ப பாக்கப் போற சைக்கிள்ல பெட்டி எம்புட்டு நீளம்?”

“நாலடி. பிள்ளைகளுக்குத் தாராளம்.”

“நான் கால மடக்கிப் படுத்தா கொள்ளுமா?”

அவன் சிரிக்கவில்லை. மனதுக்குள் அளந்து பார்ப்பவன்போல் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

“கொள்ளும். ஷிப்டுக்குப் போறப்ப நீ படு. வாரப்ப நான் படுக்கேன்.”