பாதியில் மாறிய நீலம்

"அலோ… சொல்லுக்கா… ஆமா, வீட்லதான்… ஆமா, ஆமா, ஸ்வெட்டர்தான் பின்னிட்டிருக்கேன். யாரு சொன்னா?… ஓ, மாடி வீட்டுக்காரியா. போட்டோ வேற எடுத்து அனுப்பிட்டாளா. நல்லா இருக்கட்டும். அவளுக்கு என் துணிக்கொடிதான் டிவி."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவள் அடுத்த கண்ணியை ஊசியில் வாங்கினாள். கணவன் இறந்து வருஷங்கள் ஓடிவிட்டன. அடுத்த வாரம் பூட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறாள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை என்பது ரொம்பக் குறைத்துச் சொல்வது. அக்கா கூப்பிட்டால் வரிசை நடுவில் இருந்தாலும் ஊசியைப் போட்டுவிட்டு ஓடியே பழகியவள் இவள். அப்படி ஓடி ஓடி நழுவவிட்ட கண்ணிகளைச் சேர்த்தால் ஒரு குல்லாய் பின்னிவிடலாம். இன்றைக்கு ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"அங்க என்ன லொடலொடன்னு சத்தம்?… புதுப் பூட்டா? அதை அப்புறமா நோண்டு, விஷயத்தைச் சொல்லு… கையா? ஆமா, முழங்கை வரைக்கும் நீலம்தான். நானே சாயம் காய்ச்சினா நீலமாகாம என்ன ஆகும். ஆபீஸ்லயும் எல்லாரும் பாத்தாங்க. பாக்கட்டும்… எந்தப் பாத்திரத்துலயா?… அது… என் கல்யாணத்துக்கு நீ குடுத்தியே, அந்தப் பெரிய பாத்திரம்… கத்தாதக்கா, காது போகுது… தெரியும், இனிமே அதுல சமைக்க முடியாது. இத்தனை நாளும் சமைச்சனா? பரண்ல கவுந்து கிடந்துது. இப்பவாவது அடுப்பைப் பாத்துதே."

அக்கா பாத்திரத்தை விட்டு அடுத்ததற்குத் தாவினாள்.

"யாருக்கா? அவருக்குத்தான்… என் பையனுக்குன்னு சொல்லணுமா? யார்கிட்ட, மாமாகிட்டயா? அவன் ஒல்லிக்குச்சி, இதுக்குள்ள ரெண்டு பேரா நுழைவான். மாமாவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது… அவன்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன். 'சரிம்மா'ன்னான்… அவ்வளவுதான். வேற என்ன சொல்லணும்… அளவா? டேப்பை வெச்சுத்தான் எடுத்தேன்… ஆமா, சுத்தித்தான். மார்பளவை வேற எப்படி எடுக்கறதாம்? தள்ளி நின்னு குறி பாத்தா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அக்காவும் ஸ்வெட்டர் பின்னுகிறவள்தான்; அடுத்துப் பேசியது பின்னல் தெரிந்த அந்த அக்கா.

"ம்… போட்டோவுலயே தெரியுதா? ஆமா, மார்புக்கு நேரா ஒரு கோடு. கீழ அழுத்தமான நீலம், மேல வெளிர் நீலம்… ஆமா, ஆமா, என் தப்புதான். எல்லா நூலையும் காய்ச்சி வெச்சுட்டு ஊசியை எடுத்திருக்கணும். ஆசை யாரை விட்டுது, முதல் நூல்கண்டு காய்ஞ்ச உடனே உக்காந்துட்டேன். பாதியில தீந்துபோச்சு. மறுபடி காய்ச்சினேன், அதே பொடி, அதே தண்ணி, அதே நீலம் மட்டும் வரல… தெரியும்க்கா. இதுல ரெண்டு வரிசை, அதுல ரெண்டு வரிசைன்னு மாத்தி மாத்திப் பின்னினா சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாது… பிரிக்கவா?"

ஊசி நின்றது.

"பிரிக்க மாட்டேன்… இல்ல, நீ கேளு. இத்தனை வருஷமும் அப்படித்தானே இருந்தேன்? யாருக்கும் தெரியாம, இங்க ரெண்டு வரிசை, அங்க ரெண்டு வரிசை. அவரு போன துக்கத்தையும் மறைச்சேன், இந்தச் சந்தோஷத்தையும் மறைச்சேன். போதும். இது வரைக்கும் ஒண்ணு, இதுக்கு மேல இன்னொண்ணு. கோடு தெரியட்டும்… தள்ளிப்போடவா? உன் பெரியவளுக்கு மாப்பிள்ளை அமையட்டும்னு சொல்லுவ. அப்புறம் சின்னவளுக்கு. அப்புறம் உனக்கு முட்டி வலி. அதுக்குள்ள இந்த ஸ்வெட்டரைப் பூச்சி தின்னுரும்… சம்பந்தம் பேச வர்றவங்க கேட்டா, என் தங்கச்சிக்குக் கல்யாணம்னு சொல்லு. அதுல என்ன கேவலம்?… கடை வெச்சுப் பூட்டுத் திறக்கறவர்தான். திருட்டுத்தனமா யார் வீட்டையும் திறக்கல… நீ அவரை ஒரு தடவை பாத்திருக்கியா? மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சொன்னவதானே நீ… என்ன?… இன்னொரு தடவை சொல்லு."

அக்கா இன்னொரு தடவை சொன்னாள். அம்மா இல்லாத வீட்டில் இவளுக்குத் தலை வாரிவிட்டு வளர்த்தவள் அக்கா. அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று இவள் நினைத்ததே இல்லை.

"சரி. உன் வாசப்படி மிதிக்கல… அழல. ஜலதோஷம்… வலிக்கத்தான் செய்யுது, அதுக்காகப் பிரிச்சிருவேன்னு நினைக்காத. அடுத்த வாரம் அவர் இதைப் போட்டுக்கிட்டுத்தான் கையெழுத்து போடுவார். வர்றதுன்னா வா… வெக்கிறியா? இரு. இந்தத் தடவை நான் வெக்கிறேன்."

வைத்துவிட்டாள். கழுத்துப் பட்டையின் வரிசையில் பாதிதான் ஆகியிருந்தது. அடுத்த நிமிஷமே போன் அலறியது. அவள் நகரவில்லை. அது அடித்து ஓய்ந்து மறுபடி அடிக்கும் வரைக்கும், நீலக் கைகளால் ஒவ்வொரு கண்ணியாக வாங்கி வரிசையை முடித்தாள். பிறகு எடுத்தாள்.

"அலோ… திட்ட இன்னும் மிச்சம் இருக்கா?… என்னது, கழுத்தா?… ஆமா, பட்டை ஆரம்பிச்சுட்டேன்… தளர்த்திப் பின்னணுமா? ஏன்?… ஆமா, அவருக்குத் தலை கொஞ்சம் பெருசுதான். இறுக்கினா நுழை…"

பேச்சு பாதியில் நின்றது.

"அக்கா. அவருக்குத் தலை பெருசுன்னு உனக்கு எப்படித் தெரியும்?… அந்தப் புதுப் பூட்டு எந்தக் கடையில வாங்கினது?… அக்கா… அலோ… அலோ…"

லைன் கட்டாகியிருந்தது. அவள் போனைக் கீழே வைத்தாள். அப்புறம் ஊசியை உருவி, கழுத்துப் பட்டையை மட்டும் பிரித்து, தளர்த்தியாக முதலிலிருந்து பின்னத் தொடங்கினாள்.