காலி ஓடத்துக்கு வாசிக்கக் கூடாது

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் ஆலயத்தில் வெப்பமூட்டியைப் போடுவார்கள். அடக்க ஆராதனைகள் வெள்ளிக்கிழமைகளில்தான் நடக்கும். கல் சுவர் சூடாக ஒரு முழு நாள் பிடிக்கிறது. குளிரில் ஆர்கன் சுருதி இறங்கிவிடும். ஆகவே மற்ற நாட்களில் விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு தனியாகப் பயிற்சி செய்வேன். நீங்கள் கேட்கும் அந்த நாள் செவ்வாய்க்கிழமை. ஆலயத்தில் வேறு யாரும் இல்லாததற்கு அதுதான் காரணம். நான் திட்டமிட்டு ஆட்களை அனுப்பிவிட்டதாக யாராவது சொன்னால் அது சரியல்ல.

நீங்கள் விசாரணைக்காகச் சுண்ட்ஸ்வால் நகரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். முதலிலிருந்தே சொல்கிறேன்.

'உப்பரசு' தொலைக்காட்சித் தொடரை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஆறு பாகங்கள் வந்துவிட்டன. நான் அதற்கு முன்பே புத்தகங்களைப் படித்தவன். பத்துப் புத்தகங்கள், ஒவ்வொன்றும் செங்கல் பருமன். தொடர் நன்றாகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. குதிரைகள் மட்டும் புத்தகத்தில் இருப்பதைவிடச் சிறியவை. என்னைப் பிடித்து வைத்தது அதன் இசை. ஆறாம் பாகத்தின் முடிவில் ஓர்வெலா அரசியின் உடலை ஓடத்தில் ஏற்றிக் கடலில் விடுவார்கள். யாரும் பேசுவதில்லை. பதினோரு நிமிடம் இசை மட்டும். அதன் பெயர் 'கடைசி ஓடம்'.

அதை ஆர்கனுக்கு மாற்றினேன். காதால் கேட்டு, ஒவ்வொரு இழையாகப் பிரித்து எழுதினேன். செல்லோக்கள் செய்வதை, பாதத்தால் மிதித்து வாசிக்கும் கால் கட்டைகளுக்குக் கொடுத்தேன். பெண்கள் குரலை மெல்லிய குழாய்களுக்குக் கொடுத்தேன். இரண்டு குளிர்காலம் போனது. மனைவியும் போய்விட்டாள். அவள் இப்போது உமேயோவில் இருக்கிறாள், நலமாக.

கச்சேரியாக வாசித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நான்காம் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: அந்தப் பாட்டைக் காலி ஓடத்துக்குப் பாடக் கூடாது. பாடினால் கடல் வற்றிவிடும். நான் பைத்தியம் இல்லை. அது கதை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கதையை நேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அதன் சட்டத்தை மீறுவது எந்த வகை நேசம்? எனக்கு ஓர் ஓடம் வேண்டும். அதில் ஓர் ஆள் வேண்டும்.

எங்கள் போதகர் சொல்வெய்க்கிடம் கேட்டேன். நல்ல பெண். எல்லாவற்றுக்கும் கடிகாரம் பார்ப்பவர். ஊரில் எல்லோரையும் போல அவரும் என்னை எப்பே என்றுதான் கூப்பிடுவார்.

"பதினோரு நிமிஷமா? கீழ மண்டபத்துல காபி ஆறிடும், எப்பே."

"சுருக்க முடியாது."

"அப்ப இறந்தவங்களுக்கும் அந்தப் பாட்டுக்கும் ஏதாவது சொந்தம் இருக்கணும். உனக்குப் பிடிச்சிருக்குங்கறதுக்காக ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் டிராகன் பாட்டோட அனுப்பி வைக்க முடியாது."

"அதுல டிராகன் கிடையாது."

"சரி, என்ன எழவோ ஒண்ணு."

நியாயமான நிபந்தனை. எங்கள் ஊரில் அந்தத் தொடரோடு சொந்தம் கொண்டவன் நான் ஒருவன்தான். நான் இறந்தால் வாசிக்க ஆள் இல்லை. ஆகவே சொந்தத்தை உண்டாக்க வேண்டியிருந்தது.

புதன்கிழமைக் குழு அப்படித்தான் தொடங்கியது. மண்டபத்தில் பெரிய திரை, காபி, ஏலக்காய் பன். முதியவர்களுக்கு மட்டும். வாரம் ஓர் அத்தியாயம். முதியவர்களின் தனிமையைப் போக்கியதற்காகத் திருச்சபை எனக்குப் பூங்கொத்து கொடுத்தது. தனிமை போனது உண்மைதான். தொப்பியும் கைத்தடியுமாக வந்தவர்கள் மூன்றாம் மாதம் தொடரில் வருவது போன்ற மேலங்கி தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கதையை முன்கூட்டிச் சொல்பவர் அடுத்த வாரத்துக்குப் பன் சுட்டுக் கொண்டுவர வேண்டும் என்று விதி வைத்தோம். புத்தகம் படித்தவன் நான் மட்டும். நான் ஒருபோதும் பன் கொண்டுவந்ததில்லை.

அந்தக் குழுவில் மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் தாமாகவே இறந்தார்கள், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் வீணாயின. ஒருவர் விடுமுறைக்குப் போன கிரான் கனாரியா தீவில் இறந்தார்; அவர் சாம்பலை அங்கேயே கரைத்துவிட்டார்கள். ஒரு பல் மருத்துவரின் விதவைக்கு அவர் மகன் ஐஸ் ஹாக்கி அணியின் பாட்டைக் கேட்டான். நான் அதை வாசித்தேன். மூன்றாமவர் சடங்கே வேண்டாம் என்று நேராகத் தகனத்துக்குப் போய்விட்டார். இசை இல்லை, ஆள் இல்லை, காபிகூட இல்லை. இப்போது பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மலிவு என்கிறார்கள்.

பிறகு சிக்பிரித் வந்தார்.

வயது எண்பத்து நான்கு. வாழ்நாள் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டிய பெண்மணி. ஊரில் ஐம்பது வயது ஆண்கள்கூட அவரைக் கண்டால் வாயிலிருக்கும் மிட்டாயை விழுங்கிவிடுவார்கள். இதயம் பலவீனம். இதை நான் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டேன். பக்கத்து நாற்காலி எப்போதும் தோர்னிக்கு. காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"இந்த வயசுல உனக்கு வாள் சண்டை கேக்குதா, சிக்பிரித்?" என்பார் தோர்னி.

"உன் முழங்கால் கதையைக் கேக்கறதுக்கு இது எவ்வளவோ மேல். தள்ளி உக்காரு, அரசி வர்றா."

ஆறாம் பாகம் முடிந்த புதன்கிழமை யாரும் காபியைத் தொடவில்லை. 'கடைசி ஓடம்' முடிந்து திரை கறுத்தது. சிக்பிரித் மூக்கைச் சிந்தினார்.

"என் புருஷனுக்குக்கூட நான் இவ்வளவு அழல" என்றார்.

"அவன்கிட்ட கப்பல் இல்லையே" என்றார் தோர்னி.

"எனக்கு இதைத்தான் வாசிக்கணும், எப்பே. முழுசா. நடுவுல நிறுத்தினா பெட்டிக்குள்ளயே எந்திரிச்சு உக்காந்துடுவேன்."

சாவி வாங்க வந்த சொல்வெய்க் கதவருகே நின்றிருந்தார். அவர் சிரித்துக்கொண்டே, "சரி சிக்பிரித், உங்களுக்குன்னா வாசிக்கலாம்" என்றார். எல்லோரும் கேட்டார்கள். நான் அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். நல்ல வானிலை.

நான் அவசரக்காரன் இல்லை. காத்திருக்கத் தயாராக இருந்தேன். ஆனால் வசந்தத்தில் சிக்பிரித்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். கோடையில் கைக்கோல்கள் ஊன்றி ஆற்றங்கரையில் நடக்க ஆரம்பித்தார். கன்னத்தில் நிறம் ஏறியது. நான் வாரம் இரண்டு முறை கிரீம் கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அவர் தோர்னிக்குக் கொடுத்திருக்கிறார். எடை போட்டது தோர்னிதான்.

"ஏழாவது பாகம் பாக்காம நான் போறதா இல்ல" என்று சிக்பிரித் வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். "டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். அவன் என் பஸ்ல வந்த பையன்தான், கேப்பான்."

ஏழாம் பாகம் கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்பு, அட்வெந்தின் முதல் ஞாயிறன்று வருவதாக அறிவித்தார்கள். இங்கேதான் சிக்கல். பத்தாம் புத்தகத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காக மன்னியுங்கள். ஓர்வெலா இறக்கவில்லை. ஓடத்தில் இருந்தது உடை சுற்றிய வைக்கோல். அவள் திரும்பி வருகிறாள்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பதினோரு நிமிடமும் வைக்கோலுக்கு. ஆசிரியர் தன் சட்டத்தைத் தானே மீறியிருக்கிறார். கடலும் வற்றவில்லை. நான் அவருக்கு மரியாதையாகக் கடிதம் எழுதினேன். கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்று வந்தது. ஆசிரியர் செய்த பிழையை ரசிகன்தான் சரிசெய்ய வேண்டும் போலிருக்கிறது என்று அப்போது நினைத்தேன். ஒரே ஒரு முறை, ஒரே ஓர் ஊரில், அந்த இசை உண்மையான ஓர் ஆளுக்காக ஒலித்துவிட்டால் போதும். அதன் பிறகு அவள் திரும்பி வரட்டும்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை சிக்பிரித் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ புத்தகம் படிச்சவன். அவ திரும்பி வர்றாளா?"

"சொல்லக் கூடாது."

"வாயால சொல்ல வேண்டாம். சும்மா தலைய ஆட்டு."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"வரணும்டா" என்றார். "அவ மட்டும் உயிரோட வந்துட்டா எனக்கு இந்த ஓடப் பாட்டே வேண்டாம். சந்தையில ஆடுவாங்களே, அந்த டான்ஸை வாசி. ஜனங்க காலாட்டிக்கிட்டே வெளிய போகட்டும். சொல்வெய்க்கிட்டயும் சொல்லிடறேன்."

சந்தை நடனம் இரண்டு பிடில்களுக்கும் ஒரு மத்தளத்துக்கும் எழுதப்பட்டது. ஆர்கனில் அது திருவிழா ராட்டினத்தின் இசை மாதிரிக் கேட்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆர்கனைப் பார்க்க வருமாறு அவரை அழைத்தேன். ஆசை அவருடையது. பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆர்கன் இருக்கும் மாடத்துக்குப் போகும் படி சுழல் படி. ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு பல்பு. அதன் சுவிட்ச் மேலே, என் இருக்கைக்குப் பக்கத்தில். அவர் ஒருமுறைகூட நிற்காமல் ஏறி வந்தார். பெரிய குழாயைத் தட்டிப் பார்த்தார். "எங்க பஸ்ஸோட புகைக்குழாய் இதைவிடச் சுத்தமா இருக்கும்" என்றார். 'கடைசி ஓட'த்தின் தொடக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். நான்கு சுரங்கள். அதற்கு மேல் விதி அனுமதிக்காது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா குளிருது" என்றார் சிக்பிரித். "வா, கீழ போய் காபி போடலாம்."

"நீங்க முன்னால போங்க" என்றேன்.

அவர் பாதி தூரம் இறங்கியிருப்பார். நான் விளக்கை அணைத்தேன். மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும்படி அந்த மாதம்தான் திருச்சபையிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. நான் அவரைத் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை.

அடக்கம் மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை நடந்தது. ஆலயம் நன்றாகச் சூடேறியிருந்தது. புதன்கிழமைக் குழு முழுக்க மேலங்கியில் வந்தது. பெட்டியைச் சுமந்தவர்களில் தோர்னியும் ஒருவர். பழைய பேருந்துப் பிள்ளைகள் பின்வரிசைகளை நிரப்பினார்கள். நான் வாசித்தேன். பதினோரு நிமிடம். ஆறாம் நிமிடத்தில் கால் கட்டைகள் மட்டும் தனியாக நிற்கும் ஓர் இடம் வரும். அங்கே யாரும் இருமவில்லை. நவம்பர் மாதத்தில் எங்கள் ஆலயத்தில் யாரும் இருமாமல் இருந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆர்கனுக்கு மேலே மாட்டியிருக்கும் முகக் கண்ணாடியில் சொல்வெய்க் தெரிந்தார். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு மண்டபத்தில் இறால் வைத்த சாண்ட்விச் கேக் கொடுத்தார்கள். சிக்பிரித்தின் மகள் அன்னெலி கோத்தன்பர்க்கிலிருந்து வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கேட்ட மாதிரியே செஞ்சீங்க" என்றாள். அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன்.

தோர்னி இரண்டாம் துண்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கும் இதையே வாசிப்பியாப்பா?"

"கண்டிப்பா."

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு, பயப்படாத" என்று சொல்லிச் சிரித்தார்.

சிரிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நான் இன்னொரு துண்டு எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அது வெறும் உபசரிப்பு.

இப்போது நீங்கள் மேசையில் வைத்திருக்கும் இந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்னெலி தன் அம்மாவுக்குக் கொடுத்த கைக்கடிகாரம் நாடித் துடிப்பைப் பதிவு செய்யும் என்று எனக்குத் தெரியாது. அவர் விழுந்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் துடித்திருக்கிறது என்கிறீர்கள். நான் அவசர எண்ணை அழைத்தது அதற்குப் பிறகு. அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள்.

உட்கார்ந்திருந்தேன். கைவிளக்கோடு இறங்கிப் போய், அவருக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்திருந்தேன். ஒருவரைத் தனியாக விடுவது எனக்குப் பிடிக்காது.

அவர் குரல் தெளிவாகத்தான் இருந்தது. "பல்பு போயிடுச்சு போல" என்றார். "யாரையாவது கூப்பிடு" என்றார். கூப்பிட்டாயிற்று என்று சொன்னேன். அவர் நம்பினார். என் கோட்டை மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்தேன். பேருந்து ஓட்டியவர்களுக்குக் காத்திருக்கத் தெரியும். வெகுநேரம் அமைதியாகக் காத்திருந்தார். பிறகு, "யாரும் வரலைல்ல" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை.

அதன் பிறகு அவர் உதவி கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். அவர் நிம்மதியாகப் போயிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால் அவர் உடனே சந்தை நடனம் வேண்டும் என்பார். அதைக் கேட்ட ஒரே ஆள் நானாக இருப்பேன். யாருக்கும் தெரியாதுதான். ஆனால் நான் நேர்மையானவன். இறப்பவரின் கடைசி விருப்பத்தை என்னால் மீற முடியாது. அதை வாசித்துத்தான் ஆக வேண்டும். பொய் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். அந்தக் கதையைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை.

ஆகவே பேசாமல் இருந்தேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவர் கை குளிர்ந்திருந்தது. பிடி மட்டும் பழைய ஓட்டுநரின் பிடி.

"எப்பே, இப்பவாவது சொல்லேன்டா. நான் யாருகிட்டப் போய்ச் சொல்லப்போறேன்? அவ திரும்பி வர்றாளா?"