பதினேழாம் எண் குழாய்

நான் ஊசி குத்தினால் வலிக்காது என்று எங்கள் ஆய்வகத்தில் எல்லோருமே சொல்வார்கள். ஹரிப்ரியாவும் அதை நம்பித்தான் கையை நீட்டினார்.

அது 2008. செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு தனியார் ஆய்வகம். ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று மிகச் சிறிய துணுக்குகள் மிதக்கும். உடம்பில் புற்றுநோய் தொடங்கும்போதே அவற்றில் சில கூடும். ஆனால் அவ்வளவு சொற்பத்தைக் கருவி பார்க்காது. என் முறையில், ஒரு துணுக்கு அகப்பட்டால் போதும். ஒரே வரியை ஆயிரம் தடவை எழுதினாற்போல அதிலிருந்து ஓர் இழை வளரும். வரிக்கு வரி சாயம் ஒட்டி ஒளிரும். இல்லாததற்கும் ஒளிர்ந்தால் முறை பொய். அதனால் பக்கத்திலேயே ரத்தத்துக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாய் ஒன்றும் வைப்பேன்.

நோயாளிகளோடு ஒப்பிட, நலமாக இருக்கும் இருபது பேர் தேவைப்பட்டார்கள். அலுவலகச் செயலாளர் ஹரிப்ரியா பதினேழாவது ஆள். வயது முப்பத்தாறு. கணவர் ராகவனுக்குக் கல்பாக்கத்தில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள். அவருடைய குழாய் ஒளிர்ந்தது. தண்ணீர்க் குழாய் இருட்டாகவே இருந்தது. மூன்று முறை திரும்பச் செய்தேன். சினைப்பைப் புற்றுநோயின் அடையாளம்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் என் முறையைப் பார்த்துச் சிரிப்பார்கள். தெரிந்தால் வெட்டி எடுத்துவிடுவார்கள். அது என்னவாக வளர்ந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாமலே போகும். காத்திருப்பதுதான் நேர்மை என்று பட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தேன். ஒளி கூடிக்கொண்டே போனது. நான்காம் முறை, "எனக்கு ஒண்ணும் இல்லையே சார்?" என்றார்.

"உங்க ரத்தம் சுத்தமா இருக்கும்மா. அதான் உங்களையே கூப்பிடுறேன்" என்றேன்.

முதலில் சந்தேகப்பட்டவள் உதவியாளர் ஷபானா. மற்றவர்களிடம் ஒரு தடவைதானே எடுத்தோம் என்று கேட்டாள். கருவியைச் சரிபார்க்க என்றேன். தலையாட்டினாள். ஆனால் அதன்பிறகு நான் ஃப்ரீஸரைத் திறந்தபோதெல்லாம் ஏதாவது சாக்கில் பக்கத்தில் வந்து நின்றாள். எந்த எண் யாருடையது என்ற பெயர்ப் பட்டியலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

2010 ஆடியில் ஹரிப்ரியாவுக்கு வயிறு உப்பியது. சாப்பாடு சேரவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். கேஸ் மாத்திரை போட்டுப் பார்க்கச் சொன்னேன். இன்னும் ஓர் அளவீடு பாக்கி இருந்தது.

ஸ்கேன் எடுத்தபோது ஈரல்வரை பரவியிருந்தது. தை பிறப்பதற்குள் போய்விட்டார்.

நான் மாமல்லபுரத்துக்கு ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்த அன்று ஷபானா பீரோவை உடைத்துப் பட்டியலை எடுத்து, பதினேழாம் எண்ணின் அளவீடுகளோடு ராகவனிடம் கொடுத்தாள். கடற்கரை ஹோட்டலில், பதினேழாம் எண்ணின் ஒளி ஏறிய வளைகோட்டை நான் திரையில் காட்டி முடித்து வெளியே வந்தபோது ராகவன் நின்றிருந்தார். சத்தம் போடவில்லை.

"எப்பத் தெரியும்?"

தேதியைச் சொன்னேன். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது?

குற்றப்பத்திரிகையில் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. அதை மட்டும் திருத்த வேண்டும். அந்த இரண்டு வருஷமும் அவருக்கு நான் எதுவுமே செய்யவில்லை.